நியாசினமைட்டா, ஆர்பியூட்டினா, கோஜிக்கா? யாழ்ப்பாணத்து வெக்கையில் எது நிற்கும்

மச்சாளுக்குக் கொக்குவிலில் சின்ன அழகு நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு பெரிய கண்ணாடி. தையிலும் ஆவணியிலும் மணப்பெண் அலங்காரம், மற்ற மாதங்களில் புருவம் திருத்துவது, முகத்துக்குப் பூச்சுப் போடுவது. போன மாதம் ஒரு கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். பாதிக்கு மேல் ஒரே கதைதான்: பரு வந்து போன இடத்துக் கறுப்பு, கன்னத்து மங்கு, "முகம் கொஞ்சம் தெளிவா வர ஏதும் இருக்கோ அக்கா?"

"நீர்தானே கிறீம் செய்யிறனீர். கடைக்கு ஒண்டு செய்து தாரும். எல்லாச் சாமானும் வாங்கக் காசில்லை. ஒண்டே ஒண்டு சொல்லும், எதை வாங்க?"

கறுப்பும் மங்கும் குறையக் கிறீமில் போடும் பொருட்களில் நியாசினமைட் என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள் விடமாட்டாள். "அப்ப எல்லாரும் ஆர்பியூட்டின் எண்டு சொல்லுகினம்?" என்பாள். அதனால் இருந்து கதைத்தோம். அந்தக் கதையை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். சொந்தமாகக் கிறீம் செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, கடையில் போத்தலைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்று. எது வலுவானது என்று மட்டும் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் பிழைத்துப் போகும். கொழும்பிலிருந்து சரக்கு பார்சல் லொறியில் ஒரு பகல் முழுக்க வெந்துதான் வருகிறது. செய்த கிறீம் 33 பாகை வெக்கையில் கண்ணாடி அலுமாரிக்குள் மாதக்கணக்கில் இருக்கிறது. வாங்கின பிள்ளை அதைப் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில் ஸ்கூட்டியில் போகிறாள். இவ்வளவையும் தாங்குகிற பொருள்தான் நமக்கு வேண்டும்.

தோலில் நிறம் எப்படி உண்டாகிறது என்பதைப் பனங்கட்டியை வைத்து மச்சாளுக்கு விளங்கப்படுத்தினேன். மேல்தோலின் அடியில் மெலனோசைற் என்ற கலங்கள் இருக்கின்றன. அவைதான் பனங்கட்டி காய்ச்சும் கொட்டில்கள். அடுப்பு நெருப்பு மாதிரி அங்கே தைரோசினேஸ் என்ற நொதியம் வேலை செய்கிறது. நெருப்பு எரிந்தால்தான் மெலனின் என்ற கறுப்புச் சரக்கு வரும். வந்த சரக்கைச் சின்னச் சின்னக் குட்டான்களில் கட்டி அக்கம்பக்கத்துக் கலங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கொட்டில் ஏறத்தாழ 36 வீடுகளுக்குக் குட்டான் கொடுக்கிறது. வெயில் பட்டாலோ, பரு வீங்கினாலோ கொட்டிலுக்கு ஓடர் கூடும். கறுத்த ஆளுக்கும் வெளுத்த ஆளுக்கும் கொட்டில்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். குட்டானின் பருமனும் எண்ணிக்கையும்தான் வேறு. ஆகவே இந்தப் பொருட்கள் எதுவும் பிறந்த நிறத்தை மாற்றப் போவதில்லை. ஓடர் கூடிப்போன இடத்தை, அதாவது வடுவையும் மங்கையும், பழைய நிலைக்குக் கிட்டக் கொண்டுவரும். அவ்வளவுதான்.

இனி, எந்தப் பொருள் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று பார்ப்போம்.

நியாசினமைட் விற்றமின் பீ3 இன் ஒரு வடிவம். அது நெருப்பைத் தொடுவதில்லை. காய்ச்சுவது காய்ச்சட்டும் என்று விட்டுவிட்டு, குட்டான் வீடு போய்ச் சேரும் வழியை மறிக்கிறது. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களுக்கு இடையே இந்தக் கைமாற்றம் 35 முதல் 68 வீதம் வரை குறைந்தது. 2011 இல் இன்னொன்று வந்தது. மங்கு உள்ள 27 பேரின் முகத்தில் ஒரு பக்கம் 4 வீத நியாசினமைட், மறுபக்கம் 4 வீத ஐதரோகுயினோன், எட்டுக் கிழமை. ஐதரோகுயினோன் டொக்டர்மார் எழுதித் தருகிற வலுவான மருந்து. நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் நியாசினமைட் பக்கத்தில் 44 வீதம், மருந்துப் பக்கத்தில் 55 வீதம். எரிச்சல் போன்ற தொல்லைகள் 18 வீதமும் 29 வீதமும். சின்ன ஆய்வுதான், ஆனால் ஒரு கிறீம் மருந்துக்கு இவ்வளவு கிட்ட வருவது லேசுப்பட்ட விஷயமில்லை.

எனக்கு அதைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. அது சாதுவான பொருள். வெள்ளைத் தூள், மணமில்லை, தண்ணீரில் சீனி மாதிரிக் கரையும், வெக்கைக்கு அசையாது. பீ.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) மட்டும் 5.5 க்கும் 6.5 க்கும் இடையில் இருக்க வேண்டும். புளிப்புக் கூடிய கரைசலில் நீண்ட நாள் கிடந்தால் அதில் கொஞ்சம் நிக்கொட்டினிக் அமிலமாக மாறும். அது தோலில் பட்டால் முகம் செக்கச் சிவந்து சுடும். கெடுதி இல்லை, ஒரு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். ஆனால் மணப்பெண்ணுக்கு அப்படி ஆனால் மச்சாளின் கடையை மூடவேண்டியதுதான். அளவு 4 அல்லது 5 வீதம் போதும். கடையில் 10 வீதம் என்று பெரிதாக எழுதி விற்கிறார்கள். இரட்டிப்பு வீதம் இரட்டிப்புப் பலன் தராது, சிலருக்குக் கடிதான் கூடும். இவ்வளவுக்கும் எல்லாவற்றிலும் மலிவு இதுதான்.

அடுத்தது ஆர்பியூட்டின். கதை அதிகம் உள்ள பொருள்.

அதன் உருவத்தைப் பார்த்தால் ஐதரோகுயினோன் மூலக்கூறின் தலையில் ஒரு குளுக்கோசு உட்கார்ந்திருக்கும். நம்மூர் மரவள்ளிக்கிழங்கு நினைவுக்கு வருகிறது. மரவள்ளியில் இருக்கும் நஞ்சும் ஒரு சீனியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பயமில்லை, பிரிந்தால்தான் வில்லங்கம். (மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி தொடாதே என்று அம்மம்மா சொன்ன பயம் எனக்கு இன்னும் போகவில்லை.) ஆர்பியூட்டினும் அப்படித்தான். சேர்ந்து இருக்கும்போது கொட்டில் நெருப்பை மெல்லத் தணிக்கும். கடும் புளிப்பிலோ கடும் சூட்டிலோ சீனி கழன்றால் ஐதரோகுயினோன் வெளியே வரும். அதை டொக்டரின் கண் பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் சிலருக்கு நீலக்கறுப்புத் தழும்பு வந்துவிடும். அது பிறகு போவது மிகக் கஷ்டம். அதனால்தான் ஐரோப்பாவில் தோல் வெளுக்கும் அழகுசாதனங்களில் ஐதரோகுயினோன் தடை.

ஆர்பியூட்டினில் இரண்டு சாதி. கரடிப்பழச் செடி இலையிலும் பேரிக்காயிலும் இயற்கையாக இருப்பது பீற்றா. தொழிற்சாலையில் நொதியம் வைத்துச் செய்வது அல்பா. மனிதத் தோலின் தைரோசினேஸை அல்பாதான் கூட அடக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. இங்கேதான் ஏமாற்று. ஒருமுறை தபாலில் ஒரு பொதி வந்தது. மேலே "ஆர்பியூட்டின்" என்று மட்டும் எழுதி, அல்பாவின் விலையை வாங்கியிருந்தார்கள். ஆய்வுச் சான்று கேட்டேன். மூன்று நாள் இழுத்தடித்து அனுப்பின தாளில் CAS எண், அதாவது ஒவ்வொரு இரசாயனத்துக்கும் தனியாக உள்ள பதிவு எண், 497-76-7 என்று இருந்தது. அது பீற்றாவின் எண். அல்பாவுக்கு 84380-01-8. இந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆர்பியூட்டின் வாங்குகிறவர்கள் விலை கேட்க முதல் இதைக் கேளுங்கள்.

அளவிலும் கை மீறக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் வரம்பு கட்டியது: அல்பா ஆர்பியூட்டின் முகக் கிறீமில் 2 வீதம், உடம்புக்குப் பூசும் லோஷனில் அரை வீதம். உடம்பு பெரிய பரப்பு, எல்லாம் சேர்ந்து உள்ளே போகும் என்பதால் அங்கே குறைவு. நம் ஊரில் அந்தச் சட்டம் செல்லாது, ஆனாலும் நான் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. செய்யும்போது கிறீம் 40 பாகைக்குக் கீழே ஆறினபிறகுதான் போடவேண்டும். கை பொறுக்கும் இளஞ்சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீ.எச் 5 இலிருந்து 6 வரை.

அளப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். 50 கிராம் கிறீமுக்கு 2 வீதம் என்றால் ஒரு கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராமை ஒன்றென்றும் காட்டும், பூச்சியமென்றும் காட்டும், மனநிலையைப் பொறுத்து. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் மஞ்சாடி மஞ்சாடியாக நிறுக்கிற மாதிரி, இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். அது இல்லாமல் ஆர்பியூட்டின் பக்கம் போகவேண்டாம். நியாசினமைட்டில் கால் கிராம் கூடினால் ஒன்றும் குடி முழுகாது.

கோஜிக் அமிலம் எனக்கு ஒரு முழுத் தொகுதியை நாசமாக்கின பொருள், அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 1907 இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. அவர்கள் சோற்றைப் புளிக்க வைத்துச் சாக்கே மது வடிக்கப் பாவிக்கும் கோஜி என்ற பங்கசிலிருந்து வந்தது, பெயரும் அதனால்தான். தைரோசினேஸ் நொதியத்தின் நடுவில் செம்பு இருக்கிறது. கோஜிக் அமிலம் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்கிறது, நெருப்பு அணைகிறது. வேலை திறமாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உலோகம் எதைக் கண்டாலும் பிடிக்கிற குணம் அதற்கு. இரும்பைக் கண்டால் சிவக்கும். வெளிச்சம், காற்று, வெக்கை எதுவும் ஆகாது. நான் அப்போது அனுபவமில்லாமல் வீட்டுத் தாங்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பாவித்தேன். தாங்கியிலிருந்து வருவது அப்பா காலத்துக் குழாய், உள்ளே துரு. மூன்றாம் கிழமை பார்க்கிறேன், பால் வெள்ளையாக இருந்த கிறீம் பால் தேத்தண்ணி நிறம். பன்னிரண்டு போத்தல். எல்லாம் வளவுக் கோடிக்குள் கொட்டினேன்.

குழாயை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். எந்தக் கிறீமுக்கும் அது ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். தண்ணீரைத் திருத்தினபிறகும் கோஜிக் நம் வெக்கையில் நிறம் மாறத்தான் பார்க்கும். அதோடு சிலருக்குத் தோல் கடித்துச் சிவக்கும். ஐரோப்பிய வரம்பு முகத்துக்கும் கைக்கும் பூசுவதில் 1 வீதம். கோஜிக் சவர்க்காரம் சந்தையில் நிறைய உண்டு. அரை நிமிடத்தில் கழுவிவிடுகிற ஒன்றிலிருந்து பெரிதாக என்ன எதிர்பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்பேன், பதில் வராது.

விற்றமின் சீ பற்றி மச்சாள் கட்டாயம் கேட்பாள் என்று தெரியும், கேட்டாள். தூய அஸ்கோர்பிக் அமிலம் தோலுக்குள் போகவேண்டுமென்றால் பீ.எச் 3.5 க்குக் கீழே இருக்கவேண்டும், 10 முதல் 20 வீதம் வரை போடவேண்டும். தேசிக்காய்ப் புளி மாதிரி எரியும். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுக்கிற மாதிரி காற்றுப் பட்டு மஞ்சளாகி மண்ணிறமாகும். பிரிஜ்ஜில் வைத்துப் பாவிக்கிற ஆளுக்குச் சரி, அலுமாரியில் வைத்து விற்கிற கடைக்குச் சரிவராது. அதன் பொஸ்பேற்று வடிவங்கள் உறுதியானவை, ஆனால் ஜெல் செய்யும் கார்போமரோடு சேர்த்தால் ஜெல் நீர்த்துக் கூழாகிவிடும். எதைல் அஸ்கோர்பிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அது பரவாயில்லை, விலைதான் கூட.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரனெக்சாமிக் அமிலம் இரத்தப்போக்கை நிறுத்த ஆஸ்பத்திரியில் பாவிக்கும் மருந்து. பூச்சாக 2 முதல் 5 வீதம் வரை மங்குக்குப் போடுகிறார்கள். தண்ணீரில் கரையும், உறுதியானது. எதிர்காலத்தில் நான் செய்து பார்க்க நினைப்பது இதைத்தான். அசலெயிக் அமிலத்தின் கதை விசித்திரமானது. தேமல் வந்த இடம் வெளுத்துப்போவது ஏன் என்று தேடப் போய், அந்தப் பங்கசு உண்டாக்கும் அமிலம் என்று கண்டெடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு டொக்டர்மார் தயங்காமல் கொடுப்பதில் இதுவும் ஒன்று. ஆனால் தண்ணீரில் கரையாது, வீட்டில் செய்தால் மணல் மாதிரி நெருடும். அதைப் பாமசியில் வாங்குவதே மேல். அதிமதுரம் நல்லதுதான். அதில் வேலை செய்யும் கிளாபிரிடின் எண்ணெயில் கரைவது, வேரில் துளியளவுதான் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடை வேரை இடித்துப் பாலில் குழைத்துப் பூசினால் முகம் மெதுவாகும், மங்கு போகுமென்று நான் சொல்லமாட்டேன்.

ஒப்பீட்டுக்குள்ளேயே வராத ஒரு சாதியும் உண்டு. மச்சாளின் கொப்பியில் ஒரு பக்கம் அதற்கே போயிருந்தது. "ஒரு கிழமையில் வெள்ளை" என்று சொல்லி, லேபிளில் என்ன இருக்கிறதென்றே எழுதாமல் வரும் கிறீம்கள். ஒரு கிழமையில் வெளுக்கிறதென்றால் உள்ளே ஒன்றில் கிளோபெற்றாசோல் மாதிரி ஸ்ரீரொயிட் இருக்கும், அல்லது இரசம், அதாவது பாதரசம், இருக்கும். ஸ்ரீரொயிட் பூசினால் முதல் மாதம் முகம் பளிங்கு, பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் பொங்கிச் சிவக்கும். இரசம் சிறுநீரகத்தில் போய் இருக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 இலிருந்து இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை நிறுத்தச் சொன்னது. 2023 இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். இருந்தும் வருகின்றன. ஓர் அடையாளம் சொல்கிறேன், நம்மவர்களுக்கு உடனே பிடிபடும்: பூசும்போது தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்று எங்காவது எழுதியிருந்தால் அதில் இரசம் இருக்கலாம். இரசம் தங்கத்தோடு ஒட்டும். தாலிக்கொடிக்கு ஆகாததைக் கழுத்துக்குப் பூசுவானேன்?

சரி, இவ்வளவும் கேட்டுவிட்டு மச்சாள் பழைய கேள்விக்கே வந்தாள். எதை வாங்க?

காசு ஒன்றுக்குத்தான் என்றால் நியாசினமைட். வெக்கை, தராசு, தண்ணீர், வாடிக்கையாளரின் கவலையீனம் எல்லாவற்றிலும் நாம் கொஞ்சம் பிழை விட்டாலும் பொறுத்துப்போகிற பொருள் அது ஒன்றுதான். 4 வீதம், பீ.எச் 6, முகம் முழுக்கப் பூசும் கிறீம். கொஞ்சம் கூடக் காசு கிடைத்தால் அல்பா ஆர்பியூட்டின் ஒரு சின்னப் பொதி. அதை அதே கிறீமில் கொட்டுவதை நான் விரும்பவில்லை. 15 மில்லிலீற்றர் போத்தலில் 2 வீத ஜெல்லாகச் செய்து, பரு வடுவுக்கு மேல் மட்டும் இராவில் வைக்கச் சொல்லலாம். விலை கூடிய பொருளை வடு இல்லாத நெற்றிக்கெல்லாம் ஏன் பூசவேண்டும்? இரண்டும் பீ.எச் 5.5 முதல் 6 வரை ஒற்றுமையாக இருக்கும், ஒன்றன் மேல் ஒன்று பூசினாலும் சண்டை இல்லை. ஒன்று நெருப்பைத் தணிக்கிறது, மற்றது குட்டானை மறிக்கிறது. வேலையும் இரண்டு இடத்தில் நடக்கும்.

பழுதாகாமல் இருக்கப் பினொக்சிஎத்தனோல், 1 வீதத்துக்கு மேல் போகாமல். "கெமிக்கல் இல்லாத கிறீம் எண்டு சொல்லி விப்பமே" என்றாள். தண்ணீர் உள்ள கிறீமுக்கு அது போடாவிட்டால் மூன்றாம் கிழமை உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கும் என்றேன். பேசாமல் இருந்தாள்.

வெயில் விஷயத்தில்தான் இழுபறி வந்தது. கிறீமோடு சேர்த்து வெயில் தடுப்புக் கிறீமும் விற்கவேண்டும், இல்லாவிட்டால் குடை பிடிக்கவாவது சொல்லவேண்டும் என்றேன். கொட்டிலுக்கு ஒவ்வொரு மத்தியானமும் புது ஓடர் கொடுத்துக்கொண்டு இராவில் நெருப்பைத் தணித்து என்ன பிரயோசனம்? நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு வெயிலில் நின்றுவிட்டு வந்து "உங்கட கிறீம் வேலை செய்யேல்லை" என்பார்கள். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்கும். வெள்ளைத் தடுப்புக் கிறீம் அதை மறிக்காது. இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகைதான் மறிக்கும். அதை விற்கச் சம்மதித்தாள். குடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவளே பிடிப்பதில்லை.

லேபிளில் "வெள்ளை" என்ற சொல் வேண்டும், அது இல்லாமல் விற்காது என்று ஒரு பின்னேரம் முழுக்க நின்றாள். கடைசியில் "வடு, மங்கு குறைய" என்று முடிந்தது. கீழே சின்ன எழுத்தில், முதலில் காதின் பின்பக்கம் இரண்டு நாள் பூசிப் பார்க்கவும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமை ஆகும் என்று போட்டோம்.

முதல் தொகுதி இருபது போத்தல். ஒன்று மாமிக்குக் கொடுத்தோம், கன்னத்தில் பத்து வருட மங்கு. மூன்று நாள் பூசிவிட்டு, "ஒரு மாற்றமும் இல்லையே பிள்ளை" என்றார். கடைக் கலண்டரில் எட்டாவது கிழமைக்கு மச்சாள் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.